அம்புக்குறி ஸ்டிக்கர்

"உங்க பேரு எனக்கு வேண்டாமுங்க. சொல்லவும் வேண்டாம்."

போலீஸ் ஸ்டேஷன் பெஞ்சுல உக்கார்ற ஒவ்வொருத்தர்கிட்டயும் முதல்ல இதைத்தானுங்க சொல்வேன். கைதாகி வர்றவங்க என்ன போதைப் பழக்கத்துல இருக்காங்க, போன மாசத்துக்கு இந்த மாசம் கஞ்சா கூடியிருக்கா, வலி மாத்திரை கூடியிருக்கான்னு கேட்டு எழுதற சர்வே வேலை, போலீஸ் வேலை இல்லீங்க. பாரத்துல நம்பர் மட்டும்தான். பேரு கேட்டா எவன் வாயத் திறப்பான்?

அதுக்கு முன்னால இருவது வருசம் பனியன் கம்பெனில துணியில ஓட்டை, கறை இருக்கான்னு செக்கிங் பாத்தவ நான். இதுக்கு ஏன் வந்தேன்னு யாராச்சும் கேட்டா, உக்காந்து பாக்கற வேலைன்னு சொல்வேன். பொய்யிங்க. மாத்திரைப் பழக்கத்துல வூட்ட விட்டுப் போன என் பையன் முகிலன் என்னிக்காச்சும் இந்தப் பெஞ்சுக்கு வருவான்னுதான் வந்தேன். பெத்தவ ஆசைப்படற ஆசையா இது? தூ! ஆனா ரெண்டு வருசம் ஒத்தையில சோறாக்கி ஒத்தையில தின்னு பாருங்க, தெரியும்.

நேத்து மத்தியானம் நம்பர் முப்பத்தேழு. தெக்கத்திப் பையன்.

"மாத்திரைய யாருகூடச் சேந்து போடுவீங்க?"

"ரூம்ல கூட இருக்கவன்கூடக்கா. அவன் ஒரு கிறுக்குப்பய. துணியில டேமேஜ் காட்ட அம்புக்குறி ஸ்டிக்கர் ஒட்டுவாங்கள்லா, அதை எடுத்து நெஞ்சுல ஒட்டிக்கிடுவான். கேட்டா, இங்கனதான் வலிக்குதும்பான்."

எனக்குக் கை நின்னு போச்சுங்க. சின்னதுல முகிலன் கீழ விழுந்தா அழமாட்டான். நான் கம்பெனில இருந்து கொண்டாந்த ஸ்டிக்கரை முட்டியில ஒட்டிட்டு வந்து நிப்பான். நான் அதைப் பிச்செடுத்துட்டு ஊதி விடோணும்.

"அவன் பேரென்ன கண்ணு? ரூமு எங்க, அருள்புரம் பக்கமா?"

அவன் மொகம் மாறிப்போச்சு. "பேரு வேண்டாம்னு நீங்கதான சொன்னீங்க?"

"நான் அவனோட அம்மா, சாமி."

"இப்படித்தான் ஏமாத்துவீக. அவன நான் காட்டிக் குடுக்க மாட்டேன்."

மொகத்தத் திருப்பிக்கிட்டான். அழுதேன், கெஞ்சினேன். போலீஸ்கிட்டச் சொன்னா ரூமைத் தேடிப் போயி முகிலனையும் அள்ளிட்டு வந்துருவாங்க. வாய மூடிக்கிட்டேன். அந்தப் பையனைக் கோர்ட்டுக்குக் கூட்டிட்டுப் போயிட்டாங்க. என் மகனுக்கு இப்பிடி ஒரு சிநேகிதன். சந்தோசப்படறதா, தலையில அடிச்சுக்கறதா? மீதிக் கேள்விக்கெல்லாம் 'பதில் இல்லை'ன்னு எழுதினேன்.

முப்பத்தெட்டு வந்து உக்காந்தாரு.

"உங்க பேரு எனக்கு..." 'வேண்டாம்'ங்கற சொல்லு மட்டும் எனக்கு வரலீங்க.