துண்டின் ஓரத்தில் பூவேலை

என் மனைவி உர்சுலாவுக்கு நான் ஐந்து ரிங்கிட் ஐம்பது சென் கடன்பட்டிருந்தேன். கல்யாணத்துக்கு முன் கிள்ளானில் நாங்கள் சேர்ந்து பார்த்த முதல் படத்தில் வந்த கடன் அது. இரண்டு டிக்கெட், ஒரு கச்சாங் கடலைப் பொட்டலம், எல்லாம் அவள் காசு. இடைவேளையில் பந்தயம் கட்டினோம். படத்தில் பூவாறு லாட்ஜில் நடந்த கொலையைச் செய்தது யார்? தோற்றவர் செலவு. நான் கதாநாயகியின் சித்தப்பா என்றேன். அவள், கதாநாயகியின் காதலன்தான் என்றாள், ஜெயித்தாள். "நீ முன்னயே பாத்த படம்லா, கள்ளாட்டம்" என்று காசு தர மறுத்தேன். சிரித்தாளே தவிர, இல்லையென்று சொல்லவில்லை. அதன்பின் வீட்டில் எந்தச் சண்டை வந்தாலும் அவள் எனக்குக் கள்ளாட்டக்காரிதான்.

போன வாரம் அவளுக்குக் கண் ஆபரேஷன். ஒரு கண்ணில் கட்டு, மற்றதில் இன்னும் புரை. பாசாரில் காய்கறி மூட்டை இறக்கிவிட்டு வந்து இடுப்பைச் சாய்த்திருந்தேன்.

"கேரன் அப்பா, அந்தப் படத்தப் போடுங்க. நீங்க பாத்துச் சொல்லுங்க, நான் கேக்குறேன்."

மகள் கேரன் அதை டிவியில் ஏற்றித் தந்திருந்தாள். மழைப் பாட்டு வந்தது. "நனைஞ்சு வர்றா. அவன் துண்டு குடுக்குறான். மூஞ்சத் துடைக்கிறா" என்று சொல்லிக்கொண்டே வந்தேன். பூவாறு பக்கமே போனதில்லை என்று அவளிடம் சத்தியம் செய்தவன் அந்தக் காதலன். துண்டின் ஓரத்தில் சிவப்பு நூலில் பூவேலை. அன்றைக்குத் தியேட்டரில் அப்படித்தான் நினைத்தேன். தலை நரைத்த பிறகு மாதா கோயில் வகுப்பில் எழுத்துக் கூட்டக் கற்றவன் நான். கை தானாகப் படத்தை நிறுத்தியது.

"பூ... வா... று... லாட்ஜ்."

படத்தை எடுத்தவன் கெட்டிக்காரன். கேமரா துண்டின் கிட்டே போகவில்லை, பாட்டும் நிற்கவில்லை. கதாநாயகி கண்ணை மூடிச் சிரித்து முகம் புதைக்கிற நேரம் பார்த்து ஓரம் மடங்கி, எழுத்து நம் பக்கம் திரும்புகிறது. தியேட்டரில் எல்லோருக்கும் காட்டியிருக்கிறான். தெரியாதவர்கள் அந்தப் பெண்ணும் நானும்தான்.

"இதப் படிச்சித்தான் அன்னிக்கு சொன்னியா?"

"பின்ன, கனவா கண்டேன்?"

"சொல்லியிருக்கலாம்லா. இத்தன வருஷம் திட்டினேனே."

போர்வையை இழுத்துவிட்டுக்கொண்டாள். "தியேட்டர் வாசல்லயே வேற படத்துப் போஸ்டரக் காட்டி, இதான் நம்ம படம்னீங்க. அப்பவே எனக்குத் தெரியும். துண்டுல எழுதியிருக்குன்னு சொன்னா, எங்கன்னு கேப்பீங்க. மூஞ்சி வாடிப்போயிரும். கள்ளாட்டக்காரியாவே இருந்துட்டுப் போறேன்னு விட்டுட்டேன்."

ஆணியில் தொங்கிய வேலைச் சட்டையில் துழாவி, வியர்வையில் நனைந்த ஐந்து ரிங்கிட் நோட்டை அவள் உள்ளங்கையில் வைத்தேன். கட்டைவிரலால் தடவிப் பார்த்தாள்.

"அம்பது சென்?"

"கச்சாங் பூராவும் நீதான தின்னே!"

அவள் கை நீண்டபடியே இருந்தது. தேடி எடுத்து வைத்தேன். விரல்களை மூடிக்கொண்டாள்.

"இப்ப சொல்லுங்க. மூஞ்ச எடுத்துட்டாளா?"

டிவியில் அவள் துண்டுக்குள் சிரித்தபடி நின்றிருந்தாள்.

"இன்னும் இல்ல" என்றேன்.