தராசில் நிறுத்து வாங்கிய லேப்டாப்

பம்ப்செட் கம்பெனியின் டெஸ்டிங் பிரிவில் முப்பத்தாறு வருடம் இருந்தவன் நான். மோட்டாரைத் தூக்கிப் பார்த்தே உள்ளே எத்தனை கிராம் செம்பு குறைகிறது என்று சொல்லிவிடுவேன். ஒருமுறை அப்படிச் சொன்னதும் டீலர் மயங்கி விழுந்து, மூன்று நாள் கழித்துத்தான் எழுந்தார்.

ஆகவே மருமகள் லோகப்பிரியா லேப்டாப் வாங்கக் கிளம்பியபோது, ஸ்பிரிங் தராசைப் பையில் போட்டுக்கொண்டு நானும் ஸ்கூட்டரின் பின்னால் ஏறிவிட்டேன். அவளுக்கு அவசரம். வீட்டிலிருந்தே செய்யும் புது வேலை, சோதனைக் காலம் வெள்ளியோடு முடிகிறது. பழைய லேப்டாப் அவள் எழுதிய புரோகிராமை ஒருமுறை பில்டு செய்வதற்குள் நான் காரமடை போய்ப் பெருமாளைச் சேவித்துவிட்டு வந்துவிடலாம். இன்னொரு தடவை தாமதமானால் வேலையை விட்டே அனுப்பிவிடுவார்கள்.

கடைக்காரர் யாகூப் இரண்டை எடுத்து வைத்தார். ஒன்று அப்பளம். லோகப்பிரியாவின் கண் அதன் மேலேயே இருந்தது. இன்னொன்று கருப்புத் தடியன்.

"பிராசஸர், ராம் ரெண்டுலயும் ஒண்ணுதானுங்க," என்றார்.

நான் தராசை எடுத்தேன்.

"மாமா, இது கறிக்கடை இல்லீங்க," என்று பல்லைக் கடித்தாள் லோகப்பிரியா.

"சும்மா இரு அம்மணி. ஏனுங்க யாகூப், இந்த அப்பளம் ஒண்ணே கால் கிலோகூட இல்லீங்களே, செம்பை எவன் திருடுனான்?"

"அண்ணா, லேப்டாப்புல ஏதுங்க செம்புக் கம்பி வைண்டிங்கு!"

"அப்ப லோடு குடுத்துப் பாத்துப்போடலாம்."

மோட்டாரை ஒரு நிமிடம் ஓட்டிவிட்டு யாரும் பாஸ் போடுவதில்லை. சூடேறும்வரை ஓட்ட வேண்டும். லோகப்பிரியா தன் புரோகிராமை இரண்டிலும் ஏற்றினாள். முதல் சுற்று இரண்டுக்கும் சுமார் நான்கு நிமிடம். அப்பளம் பத்து நொடி முந்தியது.

"பாத்தீங்களா மாமா?"

"இன்னும் நாலு தடவை ஓட்டு கண்ணு."

யாகூப் டீ சொன்னார். மூன்றாவது சுற்றில் அப்பளத்தின் மேல் உள்ளங்கையை வைத்தேன். வைத்த வேகத்தில் எடுத்து ஊதிக்கொண்டேன். அதில் முட்டையை உடைத்து ஊற்றியிருந்தால் எங்கள் கணபதி ஏரியா முழுக்க ஆம்லெட் போட்டிருக்கலாம். ஐந்தாவது சுற்றுக்கு அது ஒன்பது நிமிடம் எடுத்தது. தடியன், காற்றாடி இரைய இரைய, அதே நான்கு நிமிடம்.

"சூடு தாங்காம வேகத்தைக் கொறச்சுக்குதுங்க," என்றாள் லோகப்பிரியா, சுருதி இறங்கி.

"தடியன்ல பெரிய ஃபேனும் செம்புக் குழாயும் இருக்குதுங்க. வெயிட்டு அதனாலதான்," என்று யாகூப் ஒப்புக்கொண்டார்.

"செம்பு!" என்று நான் போட்ட சத்தத்தில் சோமனூரில் நாலு தறி நின்றிருக்கும்.

தடியனையே வாங்கினோம். வெள்ளிக்கிழமை வேலை உறுதியானது. கூடவே ஓர் உத்தரவும் வந்தது: வாரம் மூன்று நாள் லேப்டாப்போடு அலுவலகம் வர வேண்டும்.

"நிறுத்துப் பாத்து வாங்குனது நீங்கதானுங்க மாமா," என்று பையை என் தோளில் மாட்டிவிட்டாள். சார்ஜரே ஒரு செங்கல் கனம்.

கம்பெனி பஸ் நிற்கும் இடம்வரை இப்போது நான்தான் சுமக்கிறேன். வலது தோள் ஒரு முழம் இறங்கிவிட்டது. நேற்று பக்கத்துத் தெரு தம்பிதுரை வண்டியை நிறுத்தினார்.

"ஏனுங்க, மோட்டாரு ரீவைண்டிங்குக்குங்களா? எத்தனை எச்.பி.?"

லோகப்பிரியா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"அஞ்சுங்க," என்றேன், கொஞ்சமும் கூசாமல்.