வியாழக்கிழமை மீதான வழக்கு

தேர்தல் நடந்த வியாழக்கிழமையை ரத்து செய்யக் கோரி எங்கள் சல்லடைக் கட்சி வழக்குப் போட்டிருந்தது. எங்கள் நாட்டில் தேர்தல் முடிவைத் தனியாகப் பிரித்தெடுத்து ரத்து செய்ய முடியாது. ஓட்டுப் போட்ட நாளோடு அது ஒட்டியிருக்கும். அந்த நாள் போனால்தான் முடிவும் போகும். அப்படிப் போகும்போது அன்று நடந்த மற்ற காரியங்களும் கூடவே போய்விடும். புதன்கிழமைக்கு மறுநாள் வெள்ளிக்கிழமை என்று ஆகிவிடும்.

அது வியாழக்கிழமையே அல்ல என்பது எங்கள் கட்சியின் வாதம். ஜெயித்த உலக்கைக் கட்சிக்காரர்கள் புதன்கிழமையையே இழுத்து நீட்டி, வியாழன் என்று சொல்லி மக்களிடம் கொடுத்துவிட்டார்கள். ஆதாரங்கள் இருந்தன. பல பேர் அன்று புதன்கிழமைச் சட்டையோடு ஓட்டுப் போட வந்திருந்தார்கள். முந்தின நாள் அரைத்த மாவு புளிக்கவே இல்லை என்று ஓர் அம்மாள் பேட்டி கொடுத்திருந்தார்.

நான் கயல்துறையில் மைக் செட் வாடகைக்கு விடுகிறேன். பெயர் தனுஷ்கோடி. சல்லடைக் கட்சியில் வார்டுச் செயலாளர். தேர்தல் தோறும் பெண்கள் பள்ளி வாக்குச்சாவடியில் எங்கள் கட்சி ஏஜெண்டாக உட்காருவேன். அதே பெஞ்சில் உலக்கைக் கட்சி ஏஜெண்டாகச் செண்பகவல்லி உட்காருவாள். அவள் பஸ் நிலையத்துக்குப் பின்னால் ரத்தப் பரிசோதனை நிலையம் நடத்துகிறாள்.

ஒவ்வொரு தேர்தலிலும் மத்தியானம் ஓட்டுப் பதிவு மந்தமாகும்போது, என்னைக் கல்யாணம் செய்துகொள்வீர்களா என்று அவளிடம் கேட்பேன். “இந்தத் தடவை வேணாங்க” என்பாள். அடுத்த தேர்தல் வரை காத்திருப்பேன். நடுவில் கேட்பது முறையாக இருக்காது. இடைத்தேர்தல் அறிவிப்பு வந்தால் எனக்கு ஒரு வாரம் தூக்கம் வராது.

அந்த வியாழக்கிழமையும் கேட்டேன். லேசாக மழை பெய்துகொண்டிருந்தது. அவள் எலுமிச்சை சாதம் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். வாயில் இருந்ததை மென்று முடித்துவிட்டு, “சரிங்க” என்றாள்.

சாயங்காலம் எங்கள் கட்சி தோற்றது. எனக்கு அது சரியாகக் காதில் விழவில்லை.

வழக்கு விசாரணைக்கு வருகிறது என்றதும் ஊர் இரண்டாகப் பிரிந்தது. ஆனால் கட்சிப்படி பிரியவில்லை. வியாழக்கிழமை யாருக்கு எப்படிப் போனது என்பதை வைத்துப் பிரிந்தது. அன்று புளியமரத்திலிருந்து விழுந்து காலை ஒடித்துக்கொண்ட சூசை அண்ணன், பிறவியிலிருந்தே உலக்கைக் கட்சிக்காரர். இப்போது கட்டுப் போட்ட காலோடு எங்கள் கொடியைப் பிடித்துக்கொண்டு ஊர்வலத்தில் முன்னால் வந்தார். நாள் ரத்தானால் கால் கூடிவிடும். அன்று தங்கச் சங்கிலியைக் கிணற்றில் போட்டவர்களும் மாமியாரிடம் வாய் தவறிப் பேசியவர்களும் அவர் பின்னால் வந்தார்கள்.

எதிர்ப்பக்கம் நின்றது ஜமீலா. அன்று அவளுக்குப் பெண் குழந்தை பிறந்திருந்தது. எங்கள் கட்சிக்குத்தான் ஓட்டுப் போட்டுவிட்டு நேராகப் பிரசவத்துக்குப் போனவள்.

“நாள் ரத்தாச்சுன்னா என்ன பண்ணுவே?” என்று கேட்டேன்.

“இன்னொரு வாட்டி பெத்துக்கிடுவேன். ஆனா இவளே வரணுமே அண்ணே. இவளுக்கு என் வீட்டு வழி பழகிப் போச்சு.”

நகராட்சி, வியாழக்கிழமை பெய்த மழையைத் திருப்பிக் கொடுக்க வேண்டி வரலாம் என்பதால் தண்ணீரைச் செலவழிக்காமல் குடங்களில் மூடி வைக்கும்படி ஆட்டோவில் அறிவித்தது. அந்த ஆட்டோவுக்கு மைக் என்னுடையதுதான்.

கட்சி என்னை முக்கிய சாட்சியாக்கியது. பள்ளிக்கூடத்து மொட்டை மாடியில் எங்கள் பிரசார ஒலிபெருக்கி கழற்றப்படாமல் இருந்தது. தேர்தலன்று விடியும் முன் மேலே ஏறி அதைக் கழற்றியவன் நான். விடிந்ததா இல்லையா என்பதை உயரத்திலிருந்து பார்த்த ஒரே கட்சிக்காரன். கட்சி வக்கீல் என் தோளைத் தட்டி, “விடியலைன்னு ஒரு வார்த்தை சொன்னாப் போதும். மிச்சத்தை நான் பாத்துக்கிறேன்” என்றார்.

அன்றைக்கே பரிசோதனை நிலையத்துக்குப் போனேன். செண்பகவல்லி ஒருவர் கையிலிருந்து ரத்தம் எடுத்துக்கொண்டிருந்தாள். அவர் போகும் வரை காத்திருந்தேன்.

“நாள் செல்லாதுன்னா நீங்க சொன்னது என்னாகும்?” என்றேன்.

“செல்லாது. சட்டம் எல்லாருக்கும் ஒண்ணுதானே.”

“வேற ஒரு நாள் கேட்டா சொல்வீங்கல்ல?”

அவள் பஞ்சைக் குப்பையில் போட்டுவிட்டு யோசித்தாள். “தெரியலைங்க. அன்னைக்கு ஏன் சொன்னேன்னு எனக்கே தெரியாது. மழையா, எலுமிச்சை சாதமா, நீங்க அன்னைக்குப் போட்டிருந்த சட்டையா... எதோ ஒண்ணு கூடி வந்துச்சு. மறுபடி கூடுமான்னு நான் எப்படிச் சொல்றது?”

“அப்ப நான் கட்சிக்கு எதிரா சாட்சி சொல்லிடவா?”

“எனக்காகச் சொன்னீங்கன்னா நான் வேணாம்னுருவேன்” என்றாள். “கட்சிக்காகச் சொன்னாலும் வேணாம்னுருவேன். பாத்ததைச் சொல்லுங்க.”

திரும்பி வரும்போது மனசு பாரமாக இருந்தது. ஆனால் அவள் என் சட்டையைக் கவனித்திருக்கிறாள் என்பதும் தெரிந்தது. இரண்டையும் சுமந்துகொண்டு வீட்டுக்கு வந்து சேர்ந்தேன்.

வாக்குப் பெட்டிகளோடு அந்த வியாழக்கிழமையையும் எங்கள் ஊர்க் கல்லூரியில் ஓர் அறையில் வைத்துச் சீல் வைத்திருந்தார்கள். நாடு முழுவதற்கும் ஒரே வியாழக்கிழமைதான். இடம் மாற்றினால் கலைந்துவிடும் என்பதால் நீதிபதியே கயல்துறைக்கு வந்தார். அறைக்கு எதிரே இருந்த கலையரங்கத்தில் நீதிமன்றம் கூடியது. எங்கள் கட்சித் தலைவர் தலைநகரத்திலிருந்து காரில் வந்து முதல் வரிசையில் அமர்ந்தார். முப்பது வருஷமாக அவருக்காக நான் ஒலிபெருக்கி கட்டியிருக்கிறேன். என்னைப் பார்த்து வணக்கம் சொன்னார்.

கூண்டில் ஏறினேன்.

“அன்று நீர் மொட்டை மாடியில் இருந்தீரா?” என்றார் வக்கீல்.

“இருந்தேன்.”

“வியாழக்கிழமை விடிந்ததா?”

தலைவரைப் பார்த்தேன். செண்பகவல்லி ஓரத்தில் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வேண்டுமென்றேதான் என்னைப் பார்க்கவில்லை. ஆகவே அன்று பார்த்ததை நினைத்துக்கொண்டேன்.

“விடிஞ்சதுங்க. முதல்ல உப்பளத்துப் பக்கம் வெளுத்துச்சு. அப்புறம் மாதா கோவில் உச்சியில வெயில் பட்டுச்சு. புதன்கிழமை போய், கொஞ்ச நேரம் ஒண்ணுமே இல்லாம இருந்துட்டு, அப்புறம்தான் இது வந்துச்சு. புத்தம் புதுசா இருந்துச்சு.”

எங்கள் ஆட்கள் முணுமுணுத்தார்கள். தலைவர் தலை குனிந்தார். என் வாழ்க்கையில் நான் கட்டிய மைக்கில் அவரை ஒரு முறையும் தலைகுனிய விட்டதில்லை. கூண்டுக் கட்டையைப் பிடித்துக்கொண்டேன்.

வக்கீல் விடவில்லை. “சாட்சி மயக்கத்தில் இருக்கிறார். அறையைத் திறந்து பார்த்துவிடுவோம். உள்ளே இருப்பது புதனா வியாழனா என்று எல்லோருக்கும் தெரிந்துவிடும்” என்றார்.

நீதிபதி சம்மதித்தார். சீலை உடைத்தார்கள்.

கதவைத் திறந்ததும் முதலில் குளிர்ந்த காற்று வந்தது. பிறகு காக்கைகள் கத்தின. விடியற்காலை வெளிச்சம் வராந்தாவில் வழிந்து கலையரங்கத்தின் பாதிவரை பரவியது. முதல் நான்கு வரிசைகள் காலையிலும் மற்றவை மத்தியானத்திலும் இருந்தன. சூசை அண்ணன் ஊன்றுகோலை என்னிடம் கொடுத்துவிட்டு வெளிச்சத்துக்குள் போனார். அங்கே அவர் கால் இன்னும் ஒடியவில்லை. வீசி நடந்து கல்லூரி மைதானத்தை ஒரு சுற்றுச் சுற்றினார். தான் விழுந்த புளியமரத்தடி வரை போய் அண்ணாந்து பார்த்தார். ஏறவில்லை. திரும்பி வந்து ஊன்றுகோலை வாங்கிக்கொண்டார்.

“நல்ல நடை நடந்துட்டேன்பா” என்றார். “இது போதும். எலும்பு எப்படியும் அடுத்த மாசம் கூடிடும்.”

நாள் மெல்ல வெளியே வந்துகொண்டிருந்தது. ஓட்டுப் போட வந்தவர்களின் செருப்புச் சத்தம். ஆஸ்பத்திரிப் பக்கமிருந்து ஒரு பச்சைக் குழந்தையின் முதல் அழுகை. ஜமீலாவின் மடியில் இருந்த குழந்தை அதைக் கேட்டுவிட்டு, பதில் சொல்வது போல அழுதது. அப்புறம் மழை வந்தது. நீதிபதியின் மேசை நனைந்தது. அவர் பேனாவை மூடி வைத்துக்கொண்டார். எலுமிச்சை சாத வாசனை வந்தது. அது எதற்கு முன்னால் வரும் வாசனை என்று எனக்குத் தெரியும். கண்ணை மூடிக்கொண்டேன்.

“சரிங்க” என்றது அவள் குரல், மண்டபம் முழுக்கக் கேட்கும்படி. என் ஒலிபெருக்கிகளில் எதுவும் இத்தனை தெளிவாக ஒலித்ததில்லை.

இரண்டு கட்சிக்காரர்களும் விசில் அடித்தார்கள். நீதிபதி மேசையைத் தட்டினார். செண்பகவல்லி முகத்தைக் கைப்பையால் மறைத்துக்கொண்டாள்.

அப்போது இன்னொரு சத்தம் கேட்டது. ‘டக்’ என்று ஒன்று. பிறகு ஒரு காய் குழிக்குள் விழும் சத்தம். உடனே அடுத்த காய்.

தலைவர் எழுந்து நின்றார். “இது என் ஸ்ட்ரைக்கர்” என்றார்.

“அன்னைக்கு ஓட்டுப் போட்டுட்டு வீட்ல சும்மா இருந்தேன். டிரைவர் மாடசாமியோட கேரம் ஆடுனேன். சிவப்பைப் போட்டேன். கையோட ஃபாலோ காயையும் போட்டேன்.” அவர் நீதிபதியைப் பார்த்தார். “நாள் ரத்தானா இதுவும் போயிடுமா?”

“போய்விடும்” என்றார் நீதிபதி.

“நான் எத்தனையோ பேரோட ஆடியிருக்கேங்க. எல்லாரும் எனக்காகத் தோத்துப் போவாங்க. வாய்ப்பான காயை விட்டுட்டு வேற எங்கேயோ அடிப்பாங்க. அன்னைக்கு ஒரு நாள்தான் மாடசாமி விட்டுக்கொடுக்காம ஆடுனான்.” அவர் கதவோரம் நின்ற டிரைவரைத் திரும்பிப் பார்த்தார். “நீ விட்டுக்கொடுக்காமத்தானே ஆடுனே?”

மாடசாமி சாவிக்கொத்தைக் கையில் உருட்டிக்கொண்டே சொன்னார். “ஆமாங்கய்யா. நெஜமாத்தான் ஆடுனேன். காலையில உலக்கைக்குக் குத்திட்டு வந்திருந்தேன். அந்தத் தெம்புல விட்டுக்கொடுக்கத் தோணலை.”

அறைக்குள் சிவப்புக் காய் இன்னும் வலைக்குள் ஆடிக்கொண்டிருக்கும் சத்தம் கேட்டது. தலைவர் முகம் சின்னப் பையன் முகம் போல ஆகிவிட்டது.

“வழக்கை வாபஸ் வாங்கிக்கிறேன்” என்றார். “வியாழக்கிழமை இருக்கட்டும். தோத்தது தோத்ததுதான். ஜெயிச்சதும் ஜெயிச்சதுதானே.”

அறையை மறுபடி பூட்டினார்கள். வியாழக்கிழமையின் பாதி சாயங்காலம் வெளியிலேயே தங்கிவிட்டதால் அன்று எல்லோரும் வீட்டுக்குப் போக நிறைய நேரம் இருந்தது. மக்கள் குடங்களைத் திறந்து தண்ணீரைத் தெருவில் ஊற்றிக்கொண்டு விளையாடினார்கள். தலைவர் என்னிடம் வந்து, “நல்லா பாத்திருக்கேய்யா அந்த விடியலை. உப்பளத்துப் பக்கம்னு சொன்னேல்ல, நான் அன்னைக்கு எழுந்திரிக்கவே எட்டு மணி” என்றார். என்னை வார்டுச் செயலாளராகவே வைத்துக்கொண்டார்.

கலையரங்கம் காலியானதும் செண்பகவல்லி வந்தாள்.

“பாத்ததைச் சொல்லிட்டேன்” என்றேன்.

“கேட்டேன். கொஞ்ச நேரம் ஒண்ணுமே இல்லாம இருந்துச்சுன்னீங்களே, அது நெஜமா?”

“நெஜம்தாங்க.”

“அதைத்தான் நான் ராத்திரின்னு நினைச்சிட்டு இருந்தேன்” என்று சொல்லிவிட்டு என் கையைப் பிடித்தாள். நாடித் துடிப்பைப் பார்த்தாள். “வேகமாத்தான் இருக்கு. பயப்பட ஒண்ணுமில்லை” என்றாள்.

புதிய அரசு பதவியேற்ற மறுவாரம் எங்கள் கல்யாணம். மண்டப வாசலில் இரண்டு கட்சிக் கொடிகளும் கட்டியிருந்தார்கள். ஜமீலாவின் மகள் சாப்பாட்டு வரிசையில் ஒவ்வொருவர் மடியாக மாறிக்கொண்டே போனாள். தலைவர் வந்திருந்தார். மாடசாமியும் அவரும் அடுத்தடுத்த இலையில் உட்கார்ந்து, யாருக்கு அப்பளம் பெரிதாக இருக்கிறது என்று பார்த்துக்கொண்டார்கள்.

பாயசம் பரிமாறும்போது, எங்கள் ஊர் வழக்கப்படி மண்டபமே ஊர்வலம் கிளம்பியது. பந்தலை உரசாமல் மெதுவாகத் தெருவில் இறங்கி, கடைவீதி வழியாகப் போனது. சைக்கிளில் வந்தவர்கள் ஒதுங்கி வழிவிட்டார்கள். ரயில்வே கேட் சாத்தியிருந்ததால் அங்கே கொஞ்ச நேரம் நின்றது. சரக்கு ரயில் நீளமாக இருந்தது. செண்பகவல்லி எனக்கு இன்னும் ஒரு கரண்டி பாயசம் விடச் சொன்னாள்.