ஜெனி கட்டிய இரண்டாவது பெட்டி

1

முதலில் உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை எனக்குக் கிடைத்தது போடிநாயக்கனூரில், ஒரு பார்சல் ஆபீஸ் வரிசையில். ஊருக்கு அனுப்புவதற்காக ஐந்து கிலோ குரங்கணிக் காப்பித்தூளோடு நின்றிருந்தேன். எனக்கு முன்னால் ஒரு பெண். நாற்பதை எட்டாத வயது. காலடியில் ஒரு பெரிய அட்டைப்பெட்டி. ரசீது எழுதுகிறவரிடம் அவள் சொன்னாள்:

“அண்ணே, இத இடுப்பு உயரத்துல இருந்து ஒருக்கா கீழ போடுங்க.”

அவர் பேனாவை வைத்துவிட்டு அவளையே பார்த்தார். ‘பார்த்துப் பதமாப் போடுங்க’ என்று கெஞ்சுகிறவர்கள்தான் அவருக்குப் பழக்கம். அவள் பக்கத்தில் நின்ற தாடிக்கார ஆள் சட்டென்று சுவர்க் காலண்டரைப் படிக்க ஆரம்பித்தான். [அது போன வருஷத்துக் காலண்டர்.]

இனி வருவதில் பாதி அவர்கள் இருவரும் டீக்கடையில் எனக்குச் சொன்னது. மீதி நான்.

2

முதல் தொடக்கம்: ‘மேற்கே மலை முகட்டில் மேகம் இறங்கிக்கொண்டிருந்த ஒரு மாலைப்பொழுதில்

[மேகம் எல்லா மாலையிலும்தான் இறங்குகிறது. விட்டுவிட்டேன்.]

இரண்டாவது: ‘கிங்ஸ்லியின் மனைவி ஜெனி

[வாரப் பத்திரிகைப் பழக்கம். ஓர் ஆண், ஒரு பெண், ஒரு பெட்டி என்றால் கை தானாகக் கல்யாணம் செய்து வைத்துவிடுகிறது. அவர்கள் அக்காவும் தம்பியும். அடித்துவிட்டேன்.]

மூன்றாவது நிற்கிறது. இதுதான்:

ஜெனி கட்டிய சிப்பத்தை இதுவரை யாரும் குறை சொன்னதில்லை.

போடி கடைத்தெருவில் அவர்களுக்கு ஏலக்காய்க் கடை. அப்பாவுக்குப் பிறகு ஜெனிதான் நடத்துகிறாள். காயைத் தரம் பிரித்து, பாலித்தீன் பைக்குள் கொட்டி, அதைச் சாக்குக்குள் இறக்கித் தைத்தால் அந்தச் சாக்கு டெல்லிக்குப் போனாலும் காய் வாய் பிளக்காது. அவளுடைய சூத்திரம் ஒன்றே ஒன்று. அமுக்காதே. ஏலக்காயை அமுக்கினால் மேல்தோடு வெடிக்கும், வெடித்த காய்க்கு விலை கிடையாது. பதினெட்டு வருஷமாக அவள் கை எதையும் அமுக்கியதில்லை.

தம்பி கிங்ஸ்லி கடைக்குப் பின்னறையில் வால்வு ஆம்ப்ளிபயர் செய்கிறான். வால்வு என்கிற கண்ணாடிக் குழலுக்குள் கம்பி சிவந்து எரியும், அதன் வழியாகப் பாட்டு பெரிதாகி வெளியே வரும். அந்தச் சத்தத்தில் ஒரு பதமான சூடு இருக்கிறது என்று சொல்லி, கையில் காசும் காதில் ஆசையும் உள்ளவர்கள் நாடு முழுக்கத் தேடுகிறார்கள். அப்படித் தேடியவர்களில் ஒருவர் நாக்பூரில் ஒரு பல் டாக்டர். கிங்ஸ்லி செல்போனில் போட்ட வீடியோவைப் பார்த்து ஓர் ஆம்ப்ளிபயர் செட் கேட்டார். அவனுக்கு வந்த முதல் வெளியூர் ஆர்டர்.

3

முதல் பெட்டியைப் பற்றிச் சுருக்கமாக முடித்துவிடுகிறேன். விவரித்தால் எனக்கே வலிக்கிறது.

ஜெனி அதை ஏலக்காய் மாதிரியே கட்டினாள். பெட்டி நிறைய உலர்ந்த ஏலக்காய்த் தோடு, நடுவில் செட், மேலேயும் தோடு. பூப்போலத் தூவினாள். அமுக்கவில்லை.

செட்டின் ஒரு பக்கம் டிரான்ஸ்பார்மர் இருக்கிறது. எட்டு கிலோ இரும்பும் செம்புக் கம்பியும். லாரி குலுங்கக் குலுங்க, அந்தப் பக்கம் தோட்டுக்குள் புதைந்து இறங்கி அட்டையில் இடித்தது. செட்டே சரிந்தது. நாக்பூரிலிருந்து போட்டோ வந்தது. நான்கு வால்வும் கண்ணாடித் தூள். பெட்டியைத் திறந்ததும் வீடே பாயசம் வாசனை அடித்தது என்று டாக்டர் எழுதியிருந்தார். நல்ல மனுஷன். இன்னொன்று அனுப்பு, இதுவும் உடைந்தால் அத்தோடு விட்டுவிடுவோம் என்றும் எழுதியிருந்தார்.

கிங்ஸ்லி போட்டோவை அக்காவிடம் காட்டி ஒரே வாக்கியம் சொன்னான்.

“இது ஏலக்கா இல்லக்கா.”

அன்றைக்கே திருப்பூர்ச் சித்தப்பாவுக்குப் போன் போட்டான். அவருடைய மில்லில் எலக்ட்ரீசியன் வேலை ரொம்ப நாளாகக் காத்திருந்தது. கையில் ஒன்றுக்கொன்று பொருந்துகிற வால்வு இன்னும் நான்குதான் இருக்கிறது, கடைசியாக ஒரு செட் அனுப்பிப் பார்க்கிறேன், அது உடைந்தால் அடுத்து வருகிற திங்கட்கிழமையே வேலைக்கு வந்துவிடுகிறேன் என்றான். சித்தப்பா ‘உடைந்தால்’ என்பதைக் காதில் வாங்கவே இல்லை. திங்கட்கிழமை என்பதை மட்டும் குறித்துக்கொண்டார்.

4

இங்கே ஜெனியின் மேல் எனக்கு ஒரு சந்தேகம்.

முதல் பெட்டி கட்டும்போது அவள் கேட்டிருக்கிறாள், இந்தக் கண்ணாடியையெல்லாம் கழற்ற வேண்டாமா என்று. கிங்ஸ்லிதான் வேண்டாம் என்றிருக்கிறான். பெட்டியைத் திறந்தவுடன் செட் முழுசாக, அழகாகத் தெரிய வேண்டுமாம். வால்வைச் சாக்கெட்டிலேயே விட்டு அனுப்பியது அவனுடைய தப்பு. பெட்டிக்குள் செட்டை ஆடவிட்டது அவளுடைய தப்பு. ஆளுக்குப் பாதி.

ஆனால் அவள் அதைச் சொல்லவில்லை. ஒருநாள்கூட. இப்படி ஓர் அக்கா உண்டா? என் அக்காவாக இருந்தால் அரைமணி நேரத்தில் தெருவுக்கே தெரிந்திருக்கும். அதனால் ஒரு சண்டைக் காட்சி எழுதினேன். ‘“நான் அப்பவே கழட்டச் சொன்னேன்ல” என்று ஜெனி சீறி

[சீறவில்லை. டீக்கடையில் இதைக் கேட்டேன். “சொன்னா ஜெயிச்சிருப்பேன் சார். அவன் அப்பவே திருப்பூருக்கு பஸ்சு ஏறியிருப்பான்” என்றாள். காட்சியைக் கிழித்துவிட்டேன்.]

5

இரண்டாவது செட் தயாரான திங்கட்கிழமையே அனுப்பியிருந்தால் சனிக்கிழமைக்குள் நாக்பூர் சேர்ந்திருக்கும். சேதி தெரிந்த பிறகு, சித்தப்பா குறித்துவைத்த அடுத்த திங்கள் கிங்ஸ்லி திருப்பூருக்குப் போவதா வேண்டாமா என்று முடிவு செய்திருக்கலாம்.

கட்டிப் பார்க்க ஜெனி மூன்று நாள் அவகாசம் கேட்டாள். அவன் மூஞ்சியைத் தூக்கிவைத்துக்கொண்டான்.

கடை மூலையில் சும்மா கிடந்த இருபது கிலோ எடைக்கல்லை எடுத்து ஒரு பெட்டிக்குள் வைத்தாள். கனம் இரண்டு மடங்குக்கு மேல், ஆனாலும் அதுதான் டிரான்ஸ்பார்மர். பியூஸ் போன குண்டு பல்பு நான்கு, அவைதான் வால்வு. சுற்றிலும் தெர்மாகோல் அடைத்துப் பெட்டியைக் கட்டித் தங்கபாண்டியின் ஜீப்பில் ஏற்றினாள். தங்கபாண்டி தினமும் காலையில் தோட்ட வேலைக்காரர்களை ஏற்றிக்கொண்டு போடிமெட்டுக்கு மேலே போய், சாயங்காலம் இறக்கிக்கொண்டு வருகிறவர். பதினேழு கொண்டை ஊசி வளைவு, போக ஒரு தடவை, வர ஒரு தடவை. அதைவிடக் கொடுமையான பரீட்சை நாக்பூர் ரோட்டிலும் இருக்காது என்பது அவள் கணக்கு.

ஜீப்பில் பாண்டியம்மாள் என்கிற தோட்டத் தொழிலாளி, பெட்டியில் படாமல் காலைத் தூக்கிக்கொண்டே உட்கார்ந்திருந்தாள்.

“உள்ள என்ன ஆத்தா, கோழிக்குஞ்சா? கால வைக்கலாமா கூடாதா?”

“வைங்க மதினி. நல்லா ஊணி வைங்க.”

சாயங்காலம் பிரித்தபோது மூன்று பல்பு போயிருந்தது. தெர்மாகோல் மாவாகிக் கிடந்தது. ஜெனி கடைப்படியில் உட்கார்ந்துவிட்டாள். தங்கபாண்டி பெட்டிக்குள் எட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னார்:

“தங்கச்சி, என் வண்டியில பதினாலு பேரு ஏறுனா ஒருத்தரும் விழமாட்டாக. நாலே பேரு ஏறுற அன்னைக்குத்தான் மண்ட உடையும்.”

[ஒரு ஜீப்பில் பதினாலு பேர் ஏறலாமா என்று ஆர்.டி.ஓ. கேட்கலாம். கதை அந்தப் பக்கம் போகவில்லை.]

மறுநாள் எடைக்கல்லைப் பிளைவுட் பலகையில் போல்ட் போட்டு முறுக்கினாள். கெட்டி ஸ்பாஞ்சை இடைவெளிக்கு ஒரு விரல் கூடுதலாக வெட்டினாள். கூடுதலாக வெட்டினால் தானாக நுழையாது. அமுக்க வேண்டும். அமுக்கப் போன கை இரண்டு தடவை பின்வாங்கியதாம். மூன்றாம் தடவை முழங்காலை வைத்து அமுக்கினாள். அன்றைக்கு உடைந்தது ஒரே பல்பு, அதுவும் கல்லுக்குப் பக்கத்தில் படுத்திருந்தது. மூன்றாம் நாள் பல்புகளுக்குத் தனியாக ஒரு குட்டிப் பெட்டி, அதற்குள் ஒவ்வொன்றுக்கும் ஸ்பாஞ்சில் ஒரு குழி, நிற்கவைத்து. குட்டிப் பெட்டி கல்லுக்கு மேல்தட்டில். எல்லாவற்றையும் சேர்த்து இன்னொரு பெரிய பெட்டிக்குள் இறக்கினாள்.

சாயங்காலம் நான்கு பல்பும் முழுசு.

6

வியாழக்கிழமை காலை அசல் செட்டை மேசையில் வைத்தார்கள். நான் அங்கே இல்லை. ஆனாலும் எழுதியாக வேண்டிய இடம் இது.

ஜெனி ஸ்பாஞ்சை வெட்டிக்கொண்டிருந்தாள். வால்வைப் பற்றி வாயைத் திறக்கவில்லை. கிங்ஸ்லி கொஞ்ச நேரம் செட்டைச் சுற்றி வந்தான். பிறகு கையைத் துணியில் துடைத்துக்கொண்டு முதல் வால்வைப் பிடித்தான். திருகாமல், லேசாக அசைத்து அசைத்து, நேராக மேலே எடுத்தான். அக்காவின் உள்ளங்கையில் வைத்தான். இரண்டாவது. மூன்றாவது. நான்காவதை வைக்கும்போது சொன்னான்:

“போன தடவயே கழட்டியிருக்கணும்.”

“ம்” என்றாள் ஜெனி. “டேப்பக் கொண்டா. வெரசா ஒட்டணும், பதினோரு மணிக்கு லோடு போயிரும்.”

[மன்னிப்புக் காட்சிக்கு ஒரு பக்கம் ஒதுக்கி வைத்திருந்தேன். இரண்டு வரியில் முடித்துவிட்டார்கள்.]

பார்சல் ஆபீசில் நடந்தது நானே பார்த்தது. ரசீதுக்காரரும் சுமைக்காரரும் பெட்டியை இடுப்பு உயரத்துக்குத் தூக்கினார்கள். விட்டார்கள். தொம் என்றது. என் காப்பித்தூள் பையைக் கட்டிப்பிடித்துக்கொண்டேன். ஜெனி மண்டியிட்டுப் பெட்டியில் காதை வைத்து, சுமைக்காரரை ஆட்டச் சொன்னாள். உள்ளே ஒரு சத்தமும் இல்லை.

“இன்னொருக்கா போடவா?” என்றார் ரசீதுக்காரர். அவருக்குப் பிடித்துப் போயிருந்தது.

“போதும்ணே” என்றான் கிங்ஸ்லி, காலண்டரிடம்.

வியாழன் அனுப்பினால் போய்ச் சேர புதன்கிழமை ஆகும். திருப்பூர்த் திங்கள் அதற்கு முன்னாலேயே வந்துவிடும். உடைந்ததா இல்லையா என்று தெரியாமலேயே அவன் முடிவு செய்தாக வேண்டும். ஜெனி எடுத்துக்கொண்ட மூன்று நாள்தான் அவனை அப்படி மாட்டிவிட்டது. அது அவளுக்கும் தெரியும்.

7

எனக்கு இரண்டு முடிவு தயாராக இருந்தது.

முதல் முடிவில் பெட்டி உடைந்து போகிறது, கிங்ஸ்லி திருப்பூர் பஸ்சில் ஜன்னலோரம் உட்கார்ந்து [கண்ணீர் எழுதுவது எளிது. அதனாலேயே வேண்டாம்.]

இரண்டாவதில் நாக்பூரே கூடி நின்று பாட்டுக் கேட்கிறது, ஆர்டர் குவிகிறது [நானே நம்பவில்லை.]

இரண்டையும் வைத்துக்கொண்டு நான் குழம்பிக் கிடந்தபோது திங்கட்கிழமை வந்துவிட்டது. மத்தியானம் ஜெனிக்குப் போன் செய்தேன். காலையில் நடந்ததைச் சொன்னாள்.

கிங்ஸ்லி குளித்து, சட்டை மாட்டி, துணிப்பையோடு கடைக்கு முன்னால் வந்து நின்றானாம். அவள் ஏலக்காய் அளந்துகொண்டிருந்தாள். நிமிரவில்லை. பஸ்சு எத்தனை மணிக்கு என்றுகூடக் கேட்கவில்லை. அவன் பையைத் தராசுப் பக்கத்தில் வைத்தான்.

“அக்கா, அடுத்த பெட்டிக்கு உள்ளளவு என்ன வச்சா உனக்குச் சௌரியம்? அதுக்குத் தக்கன செட்டுக்குத் தகடு வெட்டிக்கிறேன்.”

“நடுவுல வை டிரான்ஸ்பார்மர” என்றிருக்கிறாள் அவள். “ஒரு பக்கமா வச்சுக்கிட்டு என் உசுர எடுக்காத.”

இது போதும் என்று பேனாவை மூடப் போனேன். ஆனால் ஒரு பெட்டி இன்னும் ரோட்டில் இருக்கிறது. அதை நான் திறக்கப் போவதில்லை. புதன்கிழமை சாயங்காலம், கிளினிக்கைப் பூட்டிவிட்டு வருகிற அந்த டாக்டர் நீங்கள்தான். கத்தியை ஆழமாக இறக்காதீர்கள், மேல் டேப்பை மட்டும் கீறுங்கள். முதலில் தெரிவது ஒரு காகிதம். ஜெனி கைப்பட வரைந்தது. டாக்டருக்குத் தமிழ் தெரியாது என்பதால் எழுத்து இல்லை, எந்த வால்வு எந்தச் சாக்கெட்டில் என்று நான்கு வட்டமும் நான்கு எண்ணும் மட்டும். அந்தக் காகிதத்துக்குக் கீழே குட்டிப் பெட்டி.

அதைக் காதருகே கொண்டுபோய் ஒரு தடவை ஆட்டிப் பாருங்கள்.