டெனிஷ் சொன்ன ஆமென்

நெய்யூரில் செல்லபாயின் வீட்டில் சாயங்காலம் ஏழரை ஆனால் குடும்ப ஜெபம். ஜெபத்துக்கு மூன்று பேர். செல்லபாய், அவள் மருமகள் ஜெனிலா, அப்புறம் தண்ணீர்ச் செம்பில் சாய்த்து வைத்த போனுக்குள் ஷார்ஜாவில் இருக்கும் டெனிஷ். போனை வேதப்புத்தகத்தில் சாய்க்கக் கூடாது என்பது செல்லபாயின் சட்டம். ஜெனிலாவின் ஐந்து வயது மகள் பாட்டு முடிவதற்குள் பாயில் சுருண்டுவிடுவாள் என்பதால் அவளைக் கணக்கில் சேர்ப்பதில்லை.

இந்த ஜெபம் சும்மா நடப்பதில்லை. நம்மூரில் எல்லாரும் காசில்லாமல் பேசுகிற ஆப்பில் டெனிஷ் இருக்கும் ஊரிலிருந்து மெசேஜ் வரும், போட்டோ வரும், பேச்சு மட்டும் வராது. அனுமதி உள்ள வேறொரு ஆப்பை வைத்துக்கொண்டு அதற்கு மாதம் ஐம்பது திர்ஹாம் கட்ட வேண்டும். நம்ம பணத்தில் ஆயிரத்துச் சொச்சம். மாதக் கடைசியில் டெனிஷுக்கு ஒரு சந்தேகம் வரும், இது தேவைதானா என்று. கட்டினால் எத்தனை மணி நேரம் வேண்டுமானாலும் பேசலாம், ஆனால் அத்தனை மணி நேரம் பேச என்ன இருக்கிறது என்று கேட்பான்.

பேச நிறைய இருந்தது செல்லபாய்க்கு. நிமிஷத்துக்கு இவ்வளவு என்று காசு போன காலத்தில் அவள் ஜெபம் ஒரே மூச்சில் முடிந்துவிடும். இப்போது காசு கட்டியாகிவிட்டது, பயன்படுத்தாவிட்டால் நஷ்டம் அல்லவா. ஆகவே சபை ஆயரின் மூட்டு வலியில் தொடங்கி, தேங்காய் விலை, பக்கத்து வீட்டுக்காரன் வேலியைத் தள்ளிப் போட்டது என்று உலகத்தை ஒரு சுற்றுச் சுற்றி வந்துதான் ஆமென் சொல்வாள்.

ஜெனிலாவின் கணக்கு வேறு. கல்யாணமான புதிதில் டெனிஷ் வாரத்துக்கு ஒரு நாள்தான் கூப்பிடுவான், அதுவும் காசு தீர்வதற்குள் பத்து நிமிஷம். அந்தப் பத்து நிமிஷமும் காதைத் தீட்டிக்கொண்டு கேட்பான். தொண்டை கொஞ்சம் கம்மினால் போதும், சளியா, மருந்து சாப்பிட்டியா என்று பிடித்துக்கொள்வான். இப்போது தினமும் ஒரு மணி நேரம், முகத்தைப் பார்த்தே பேசுகிறார்கள். இவள் மொட்டை அடித்துக்கொண்டு உட்கார்ந்தாலும் அவனுக்குத் தெரியாது. இதற்குத்தான் ஐம்பது திர்ஹாம் என்று நினைக்கும்போது அவளுக்கு எரிச்சல் வரும்.

ஜெபத்தில் ஒரு வசதி உண்டு. யாரும் குறுக்கே பேச முடியாது. கண்ணைத் திறந்து முறைக்க முடியாது. ஜெபத்தில் சொன்னதற்குப் பதில் சொல்ல வேண்டுமானால் தன் முறை வரும்வரை காத்திருந்து ஜெபத்தில்தான் சொல்ல வேண்டும். மாமியாரும் மருமகளும் வாய்ச்சண்டை போட்டதில்லை என்று அந்தத் தெருவில் நல்ல பேர். அது ஏன் என்று தெருவுக்குத் தெரியாது.

"அன்பின் பரலோகப் பிதாவே, இந்த வீட்டுச் சிறியவர்கள் விடிந்ததும் எழும்ப உதவி செய்யும். மீன் குழம்பில் புளி விடும்போது அவர்கள் கையைப் பிடித்துக்கொள்ளும்," என்பாள் செல்லபாய்.

"இரக்கமுள்ள ஆண்டவரே, இந்த வீட்டுப் பெரியவர்களின் சர்க்கரை வியாதியைக் கண்ணோக்கும். இன்று மத்தியானம் ஒளித்துத் தின்ற பழபஜ்ஜி அவர்களுக்குத் தீங்கு செய்யாதபடி காத்தருளும்," என்பாள் ஜெனிலா.

இரண்டுக்கும் டெனிஷ் ஒரே மாதிரி ஆமென் சொல்வான். நடுநிலை தவறாத மகன் என்று செல்லபாய்க்குப் பெருமை.

இப்படி இருக்கும்போதுதான் ஜெனிலாவுக்கு வேலை வந்தது. அவள் லேப் டெக்னீஷியன் படித்தவள், கல்யாணத்துக்கு முன்னால் இரண்டு வருஷம் வேலையும் பார்த்தவள். பக்கத்து ஊரான திங்கள்சந்தையில் ரத்தப் பரிசோதனை லேப் நடத்தும் ஓமனா அவளைத் தெரிந்து வைத்திருந்து கூப்பிட்டாள். சனிக்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டும், இல்லையென்றால் வேறு ஆளைப் போட்டுவிடுவேன் என்றும் சொல்லிவிட்டாள். ஜெனிலாவுக்கு அந்த வேலை வேண்டும். சம்பளம் ஒரு பக்கம் இருக்கட்டும். டெனிஷின் பெண்டாட்டி, செல்லபாயின் மருமகள் என்றில்லாமல் ஜெனிலா என்று தன்னைக் கூப்பிடும் ஓரிடம் அவளுக்கு வேண்டியிருந்தது. நினைத்தாலே நெஞ்சு அடித்துக்கொள்ளும் அளவுக்கு ஆசை.

டெனிஷிடம் கேட்டாள். பார்ப்போம், அம்மாவிடம் கேள் என்றான். செல்லபாயிடம் கேட்டாள். எனக்கென்ன, அவன் சொல்லட்டும் என்றாள். மறுபடி டெனிஷிடம் போனாள், மறுபடி பார்ப்போம். இருவரும் மாட்டேன் என்று சொல்லவில்லை, அதுதான் கொடுமை. மாட்டேன் என்றால் சண்டையாவது போடலாம். அன்றைய ஜெபத்தில் செல்லபாய், உள்ளதில் திருப்தியாக இருக்கும் மனதைச் சிறியவர்களுக்குத் தாரும் என்று உருக்கமாக வேண்டிக்கொண்டாள்.

புதன்கிழமை செல்லபாய் மணவாளக்குறிச்சியில் இருக்கும் தங்கச்சி வீட்டுக்குப் போய் அங்கேயே தங்கிவிட்டாள். ஜெபத்துக்கு ஜெனிலாவும் டெனிஷும் மட்டும். மாமியார் இல்லாத தைரியத்தில் ஜெனிலா ஜெபத்தின் நடுவே ஒரு கண்ணைத் திறந்து பார்த்தாள். டெனிஷ் பயபக்தியாகத்தான் உட்கார்ந்திருந்தான். ஆனால் அவனுடைய மூக்குக் கண்ணாடியில் பச்சையாக என்னவோ தெரிந்தது. உற்றுப் பார்த்தாள். கிரிக்கெட் மைதானம். ஒரு ஆள் ஓடி வந்து பந்து போடுவதுகூட நன்றாகத் தெரிந்தது.

ஜெனிலா குரலை மாற்றவில்லை. அதே உருக்கத்தோடு தொடர்ந்தாள்.

"ஆண்டவரே, என் வயிற்றில் நீர் புதிதாகத் தந்திருக்கும் கருவுக்காக ஸ்தோத்திரம். ஆண்பிள்ளையாக இருந்தால் தகப்பனின் ஜாடையிலேயே பிறக்க உதவி செய்யும்."

டெனிஷ் ஊருக்கு வந்துபோய் ஒரு வருஷத்துக்கு மேல் ஆகிறது.

"ஆமென்," என்றான் டெனிஷ், நிறைந்த மனதோடு.

போனை வைத்த பிறகு ஜெனிலா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். சிரித்து முடித்ததும் அழுகை வந்தது, அழுகைக்குப் பின்னால் கோபம் வந்தது. ஜெபத்தில் பொய் சொன்னதற்கு ஆண்டவரிடம் தனியாக மன்னிப்புக் கேட்டாள். கேட்டுக்கொண்டிருக்கும்போதே அவளுக்கு அந்த யோசனை தோன்றியது. அதற்கும் சேர்த்து முன்கூட்டியே மன்னிப்புக் கேட்டு வைத்தாள்.

வெள்ளிக்கிழமை மூவரும் கூடினார்கள். செல்லபாய் நீட்டி முழக்கி முடித்தாள். ஜெனிலா கண்ணாடியில் பச்சை தெரிகிறதா என்று ஒருமுறை பார்த்துக்கொண்டு தொடங்கினாள்.

"கிருபையுள்ள ஆண்டவரே, என் கணவர் முழு மனதோடு சம்மதித்து, திங்கட்கிழமை முதல் என்னைத் திங்கள்சந்தை லேபுக்கு வேலைக்கு அனுப்பத் தீர்மானித்ததற்காக ஸ்தோத்திரம். இனி பிள்ளையைப் பள்ளிக்கூடத்திலிருந்து கூட்டி வரப்போகும் மாமியின் முழங்காலுக்குப் பெலன் தாரும்."

"ஆமென்," என்றான் டெனிஷ்.

செல்லபாய் தன் ஆயுசில் முதல் தடவையாக ஜெபத்தின் நடுவே கண்ணைத் திறந்தாள். அவள் வாயையும் திறப்பதற்குள் ஜெனிலா எல்லாரும் சேர்ந்து சொல்லும் பரமண்டல ஜெபத்தைத் தொடங்கிவிட்டாள். அதை நடுவில் நிறுத்த எந்தச் செல்லபாயாலும் முடியாது. அவளும் கூடவே சொன்னாள், மன்னிப்பைப் பற்றிய இடம் வந்தபோது மருமகளை முறைத்துக்கொண்டே சொன்னாள்.

"லேய் மக்கா, நீ இப்ப எதுக்கு ஆமென் சொன்ன?" ஜெபம் முடிந்ததும் செல்லபாய் போனைப் பார்த்துக் கேட்டாள்.

"ஜெபத்துக்குத்தான்மா."

"என்ன ஜெபம்?"

டெனிஷின் கண்ணாடியில் பச்சை சட்டென்று அணைந்தது. ஜெனிலா, தேன் வடியும் குரலில், தன் விண்ணப்பத்தை ஒரு வரி விடாமல் திருப்பிச் சொன்னாள். டெனிஷ் திணறினான். நெட்வொர்க் சரியில்லை, குரல் விட்டுவிட்டு வந்தது, ஆகவே அந்த ஆமெனைக் கணக்கில் எடுக்க வேண்டாம் என்றான்.

அதுதான் சரி என்று சொல்லச் செல்லபாய் வாயெடுத்தாள். எடுத்தவள் அப்படியே நின்றுவிட்டாள். ஜெனிலாவுக்கு முதலில் காரணம் புரியவில்லை, பிறகு புரிந்தது. ரோட்டோரத்துத் தென்னந்தோப்பை விற்று நாகர்கோவிலில் ஃபிளாட் வாங்க டெனிஷுக்கு ஆசை. தன் காலம்வரை அந்தத் தோப்பு கைமாறக் கூடாது, என் மகனுக்கும் அதுவே சித்தம் என்று போன மாதம் செல்லபாய் ஜெபித்தாள். டெனிஷ் ஆமென் சொன்னான். மறுநாளே அவள் புரோக்கர் நேசையனைக் கூப்பிட்டு, மகன் ஆண்டவர் முன்னிலையில் ஒத்துக்கொண்டான், இனி இந்தப் பக்கம் வராதே என்று அனுப்பிவிட்டாள். மருமகளின் ஆமென் செல்லாது என்றால் தோப்பின் ஆமெனும் செல்லாது. இது செல்லபாயின் முகத்தில் ஒவ்வொன்றாக ஓடியதை ஜெனிலா ரசித்துப் பார்த்தாள்.

"ஆமென் சொன்னா சொன்னதுதான் மக்கா. ஆண்டவருக்க முன்னால சொன்னதத் தூக்கி நெட்வொர்க் மேல போடப்பிடாது," என்றாள் செல்லபாய்.

டெனிஷ், நான் இதுவரை வேறு எதற்கெல்லாம் ஆமென் சொல்லியிருக்கிறேன் என்று தயங்கித் தயங்கிக் கேட்டான். மாமியாரும் மருமகளும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அது ஒவ்வொன்றாகத் தெரிய வரும் என்றாள் செல்லபாய்.

ஜெனிலா திங்கட்கிழமை வேலைக்குப் போனாள். முதல் நாள் சாயங்காலம் பஸ்ஸை விட்டு இறங்கி நடந்தபோது அவளுக்குத் தரையில் கால் பாவவில்லை. செல்லபாய் பேத்தியைக் கூட்டி வந்ததோடு, வழியில் கடையில் உட்கார்ந்து பழபஜ்ஜியும் தின்றுவிட்டு வந்திருந்தாள். அதை ஜெனிலா அன்றைய ஜெபத்தில் சேர்க்கவில்லை.

டெனிஷ்தான் ஆளே மாறிவிட்டான். எதிரே டிவி ஓடுவதில்லை. போன் பக்கமாகக் காதைச் சாய்த்துக்கொள்கிறான். அந்தக் கடைசிக் காரியத்தை மறுபடி சொல்லுங்கள், கேட்டுவிட்டு ஆமென் சொல்கிறேன் என்று ஜெபத்தையே நிறுத்துகிறான். இப்படி ஒருத்தன் காது கொடுத்துக் கேட்கும்போது செல்லபாய்க்கு ஜெபிக்கவே வரவில்லை. வேலியும் தேங்காயும் நின்றுபோய், ஜெபம் பழையபடி சுருங்கிவிட்டது. மாதக் கடைசி வந்தது. இது தேவைதானா என்று டெனிஷ் கேட்கவில்லை. தேதிக்கு முன்னாலேயே ஐம்பது திர்ஹாமைக் கட்டிவிட்டான். தான் இல்லாமல் இவர்கள் இருவரும் ஜெபித்தால் என்ன ஆகும் என்று அவனுக்குப் பயம்.

அடுத்த வாரம் ஒருநாள், ஸ்கூட்டர் ஒன்றுக்கு ஆமென் வாங்கிவிடலாம் என்ற நினைப்பில்தான் ஜெனிலா கண்ணை மூடினாள். பஸ்ஸை நம்பி எத்தனை நாள் ஓடுவது. வார்த்தைகளைக்கூட அடுக்கி வைத்திருந்தாள். ஆனால் அந்தப் பக்கம் ஒருவன் மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்கிறான் என்று தெரிந்தபோது ஸ்கூட்டர் வாயில் வரவில்லை. வேறு ஒன்று வந்தது. இந்த ஆப் வந்த புதிதில் அவள் தினமும் கேட்டு, தினமும் அவன் ஆமென் சொல்லி, ஒன்றும் நடக்காமல் அலுத்துப்போய் விட்டுவிட்ட விண்ணப்பம் அது.

"ஆண்டவரே, இவர் ஊரோடு வந்து எங்களோடு இருக்கும்படி செய்யும். இவர் இல்லாமல் எனக்கு ரொம்பக் கஷ்டமாக இருக்கிறது."

ஆமென் வரவில்லை. ஜெனிலா காத்திருந்தாள்.

"ஏட்டி, நெட்வொர்க் போச்சா?" என்றாள் செல்லபாய், கண்ணைத் திறக்காமலேயே.

ஜெனிலா கண்ணைத் திறந்து பார்த்தாள். டெனிஷ் கண்ணாடியைக் கழற்றிக் கையில் வைத்திருந்தான். அவளையேதான் பார்த்துக்கொண்டிருந்தான்.

"இல்ல மாமி. கேட்டுட்டுதான் இருக்காரு."