ஒரே நெருப்பு

கிடங்குக்குள் நுழைந்ததும் நான் முதலில் பார்ப்பது சரக்கை அல்ல, சுவரை. தீ காப்பீட்டு அலுவலகத்தில் பன்னிரண்டு வருடமாக இதுதான் என் பிழைப்பு. நடுச்சுவர் கூரையைத் தொடவில்லை என்றால் தீ மேலே தாண்டிவிடும்; உள்ளே எத்தனை அறை இருந்தாலும் எனக்கு அது ஒரே நெருப்புதான். வரைபடத்தில் அத்தனையையும் சேர்த்து ஒரு சிவப்பு வட்டம் போட்டுவிடுவேன். "தனித்தனி ரூம் மேடம்" என்று முதலாளிகள் கெஞ்சுவார்கள். "கொஞ்சம் மேல பாருங்க சார்" என்பேன். அந்தத் திமிர் எனக்கு உண்டு.

செவ்வாய்க்கிழமை டயர் தொழிற்சாலையை மூடிவிட்டார்கள். சாயங்காலம் நான் வீட்டுக்கு வந்தபோது, அங்கே வேலை பார்த்த என் கணவர் சாப்பாட்டுப் பையை மடியிலேயே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"பயப்படாத. எல்லாத்தையும் ஒரே இடத்துலயா வச்சிருக்கோம்?" என்றார்.

பத்து வருடமாக நாங்கள் அடித்துக்கொண்ட தம்பட்டம் அது. அவர் சம்பளம் ஒரு பக்கம், மாடி வாடகை ஒரு பக்கம், கூட்டுறவுச் சங்கத்தில் சேமிப்பு, கொழுந்தனின் டீக்கடையில் பாதிப் பங்கு. நாங்கள் நாலு காலில் நிற்கிறோமாம். அடுத்த மாதம் மகளுக்குக் காது ஆபரேஷன். இடது காது போய்விட்டது. வலதையாவது காப்பாற்ற வேண்டுமென்றால் தள்ளிப்போடவே கூடாது என்று டாக்டர் கறாராகச் சொல்லியிருந்தார். வெள்ளிக்கிழமைக்குள் முன்பணம் கட்டியாக வேண்டும்.

பழக்கதோஷம், ஒரு தாளை எடுத்து வரைய ஆரம்பித்தேன்.

"மாடியில குடியிருக்கறவர் எங்க வேலை பார்க்கறார்?"

"எங்க டிபார்ட்மெண்ட்தான்."

"சங்கத்துல கடன் வாங்கினவங்க?"

"எல்லாம் எங்க ஆளுங்கதான். இன்னிக்கு மத்தியானமே சங்கத்து ஷட்டரையும் இறக்கிட்டாங்க."

"உங்க தம்பி கடை?"

கடை தொழிற்சாலை கேட்டுக்கு நேர் எதிரே இருக்கிறது.

நாலையும் சேர்த்து வட்டம் போட்டேன். அடுத்தவன் கிடங்கில் அண்ணாந்து அண்ணாந்து பார்த்தவள், சொந்த வீட்டில் ஒருநாளும் தலையைத் தூக்கவில்லை. என்னை நானே செருப்பால் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது.

"உன் வேலை இருக்குல்ல?" வட்டத்துக்கு வெளியே, வெறும் தாளில் அவர் விரலை வைத்தார்.

அந்த விரலைப் பார்த்ததும் எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. எங்கள் கிளையை இங்கே திறந்ததே அந்தத் தொழிற்சாலையை நம்பித்தான். மாதக் கடைசியோடு கிளையை மூடுகிறோம் என்று கிளம்பும்போதுதான் மேனேஜர் சொல்லியிருந்தார். அதை எப்படிச் சொல்வது என்று யோசித்துக்கொண்டேதான் வீடு வந்து சேர்ந்தேன்.

"இல்லீங்க" என்றேன். வட்டத்தை அவர் விரலுக்கும் வெளியே இழுத்து முடித்தேன். அவர் விரலை எடுக்கவில்லை.

பக்கத்து அறையிலிருந்து மகள் வந்து தாளை எட்டிப் பார்த்தாள். ஏதோ படம் வரைகிறோம் என்று நினைத்துவிட்டாள்.

"நம்ம வீடாம்மா இது? இதுல நான் எங்க இருக்கேன்?"

வழக்கம்போல வலது காதை என் வாய்க்குப் பக்கத்தில் கொண்டுவந்து காத்திருந்தாள். எதுவும் காதில் விழவில்லை. அவள் முகம் மாறியது.

"கேக்கலம்மா" என்றாள் பயந்துபோய். "இன்னும் சத்தமா சொல்லு."

நான் இன்னும் எதுவுமே சொல்லியிருக்கவில்லை.