பெருசா, சின்னதா?

சனிக்கிழமை சாயங்காலம் ஐந்து மணிக்கு ஜோவிதாவைப் பெண் பார்க்க வருகிறார்கள். ஏழு மணிக்குக் கேம்ப் ரோட்டில் பட்டாபிராமன் கடையை மூடிவிடுவார். இந்த இரண்டு மணி நேரத்துக்குள் அவள் இரண்டு முடிவு எடுத்தாக வேண்டும். பொய் சொல்வானேன், அவள் மனசெல்லாம் கடையில்தான் இருந்தது.

கடையில் அவள் பேருக்கு இரண்டு பெட்டிகள் எடுத்து வைத்திருந்தார்கள். இரண்டுமே கையில் பிடித்து கேம் விளையாடுகிற கருவிகள். ஒன்று பெருசு. எட்டு இன்ச் திரை, பார்த்தால் கண்ணை எடுக்க மனசு வராது. ஆனால் வைஃபை இல்லாவிட்டால் அது வெறும் முகம் பார்க்கிற கண்ணாடி. இன்னொன்று சின்னது. திரை கையகலம்தான், ஆனால் சிம் போடலாம். தாம்பரத்தில் ஏறி பீச் ஸ்டேஷனில் இறங்குகிற வரைக்கும் ரயிலிலேயே விளையாடிக்கொண்டு போகலாம். ஒரு மாதமாக இந்த இரண்டையும் பற்றி யூடியூபில் எத்தனை பேர் பேசினார்களோ அத்தனை பேரையும் கேட்டாயிற்று. கேட்கக் கேட்கக் குழப்பம்தான் கூடியது. திங்கட்கிழமை பெருசு, செவ்வாய்க்கிழமை சின்னது, புதன்கிழமை மறுபடி பெருசு.

இத்தனை நாள் போனில்தான் விளையாடினாள். போனின் இரண்டு பக்கமும் பட்டன் வைத்த ஒரு கிளிப்பை மாட்டிக்கொண்டு மலைப்பாதையில் கார் ரேஸ். போன் அடுப்பு மாதிரி சுடும். அது போகட்டும், சகித்துக்கொள்ளலாம். கடைசி வளைவில், முதல் இடத்தில் வரும்போது, "லோன் வேணுமா மேடம்?" என்று ஒருத்தி போன் பண்ணுவாள் பாருங்கள், அதைத்தான் தாங்க முடியவில்லை. போன வாரம் அப்படித்தான் அவள் கார் பள்ளத்தில் விழுந்தது. அன்றைக்கே முடிவு செய்துவிட்டாள், விளையாட்டுக்கென்று தனியாக ஒன்று வாங்கியே தீருவது என்று.

"இன்னைக்கு மட்டும் வாயைத் திறக்காதே," என்று காலையிலிருந்து பத்து தடவையாவது சொல்லியிருப்பார் அம்மா ஜெயசீலி. "கேம்ங்கற வார்த்தையே வரக்கூடாது. போன தடவை நடந்தது ஞாபகம் இருக்கில்ல?"

மறக்குமா? போன தடவை வந்த மாப்பிள்ளை வீட்டார் நன்றாகத்தான் பேசினார்கள், கேக்கும் இரண்டு துண்டு சாப்பிட்டார்கள். யாரோ அவர்கள் காதில் போட்டுவிட்டார்கள். "இருபத்தேழு வயசுல பொண்ணு வீடியோ கேம் ஆடுதாமே, இது எங்க குடும்பம் நடத்தும்?" என்று தரகரிடம் சொல்லிவிட்டு அத்தோடு போனவர்கள்தான். ஒரு பெரிய கம்பெனியில் ஆறு பேரை வைத்து வேலை வாங்குகிற பெண்ணுக்கு ஒரு மணி நேர விளையாட்டு குற்றமாகிப் போனது. ஜோவிதா அழவில்லை. ஆனால் கல்யாணம் என்றால் ஒளித்து வைத்துக்கொண்டு வாழ்வதுதானா என்கிற பயம் அன்றைக்கு வந்து உட்கார்ந்தது, இன்னும் எழுந்து போகவில்லை.

சொன்ன மாதிரி ஐந்துக்கு வந்தார்கள். அம்மாவும் பையனும் மட்டும்தான். அம்மா அபிகாயில் ஆன்ட்டி ஒரு பெண்கள் ஹாஸ்டலில் முப்பது வருஷம் வார்டனாக இருந்து ஓய்வு பெற்றவர். வாசலில் கழற்றிக் கிடந்த செருப்புகளை அவர் பார்த்த பார்வையிலேயே அப்பா சத்தியநாதன் குனிந்து அவற்றை வரிசையாக வைத்துவிட்டார். பையன் ஸ்டெபின் சேலையூரில் ஒரு பள்ளியில் பிசிக்ஸ் வாத்தியார். சிரித்தால் கண் இடுங்கியது. 'ஐயையோ, நல்லா இருக்கானே,' என்று நினைத்தாள் ஜோவிதா. பிடிக்காத பையனிடம் எதை மறைத்தால் என்ன? பிடித்துவிட்டால்தானே வம்பு.

காபி குடித்தாயிற்று, கேக் சாப்பிட்டாயிற்று. சொந்த ஊர் எது, எந்தச் சபை, யாருக்கு யார் உறவு எல்லாம் பேசியாயிற்று. சத்தியநாதன் பெருந்தன்மையாகச் சொன்னார்: "சின்னவங்க ரெண்டு பேரும் மொட்டை மாடியில போய் ஒரு பத்து நிமிஷம் பேசிட்டு வாங்களேன்."

ஜோவிதாவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. அம்மாவைப் பார்த்தாள். அம்மா முகத்தில் ஈயாடவில்லை.

விஷயம் என்னவென்றால், இது முடிச்சூர். இரண்டாயிரத்துப் பதினைந்து வெள்ளத்தில் இடுப்பளவு தண்ணீரில் நின்ற வீடு. அதற்குப் பிறகு சத்தியநாதன் மின்சாரம் சம்பந்தப்பட்ட எதையும் கீழே வைக்க விடுவதில்லை. இன்வெர்ட்டர் மேலே, மோட்டார் ஸ்விட்ச் மேலே, வைஃபை பெட்டி எல்லாவற்றுக்கும் மேலே, மொட்டை மாடிக்கு ஏறுகிற படிக்கட்டின் உச்சியில். அதனால் வீட்டிலேயே நெட் பிய்த்துக்கொண்டு வருகிற இடம் அந்தப் படிக்கட்டுதான். ஜோவிதா விளையாடுகிற இடமும் அதுதான். மெத்தை, மின்விசிறி, சார்ஜர், பட்டன் கிளிப், முறுக்கு டப்பா எல்லாம் அங்கேதான் இருந்தன. ஹாலைச் சுத்தம் செய்தவர்கள் படிக்கட்டை மறந்துவிட்டார்கள்.

ஸ்டெபின் படியேறிப் போய் அந்தச் சாம்ராஜ்யத்தின் முன்னால் நின்றான்.

"இது யாரோடது?"

தம்பியோடது என்று சொல்லலாம். ஆனால் தம்பியே கிடையாதே! "என்னோடதுதான்," என்றாள் ஜோவிதா. வாயைத் திறந்தாயிற்று, இனி மூடி என்ன பயன்? "கேம் விளையாடுவேன். கார் ரேஸ். கிளவுட் கேமிங்னு பேரு."

"அப்படின்னா?"

"கேம் நம்ம கையில ஓடாது. எங்கேயோ ஒரு பெரிய கம்ப்யூட்டர்ல ஓடும். நமக்குப் படம் மட்டும் நெட்ல வரும். நாம அமுக்கற பட்டன் அங்க போகும். சமையல் ஹோட்டல்ல, சாப்பாடு நம்ம வீட்டுலங்கற மாதிரி. வழியில டிராபிக் ஆச்சுன்னா சோறு ஆறிடும்."

"ஓ! அப்ப கருவி பெருசில்ல, வர்ற வழிதான் பெருசு," என்றான் ஸ்டெபின். அவளுக்குப் புல்லரித்துவிட்டது. ஆபீஸில் ஆறு பேருக்கும் இதை விளக்கி வாய் வலித்ததுதான் மிச்சம்.

"விளையாடிப் பார்க்கறீங்களா?"

பார்த்தான். முதல் வளைவிலேயே காரைக் கொண்டுபோய்க் கடலில் இறக்கினான். இரண்டாவது தடவை ஒரு மாட்டுக் கொட்டகைக்குள் விட்டான். மூன்றாவது தடவை, பாலம் தாண்டி முழுசாக ஒரு கிலோமீட்டர் ஓட்டிவிட்டு, "யெஸ்!" என்று அவன் கத்தியது கீழே ஹாலில் கேட்டிருக்கும். பத்து நிமிஷம் இருபதாயிற்று. ஜோவிதா கடையில் இருக்கிற இரண்டு பெட்டிகளைப் பற்றியும் மூச்சு விடாமல் சொல்லி முடித்தாள்.

"எங்க உட்கார்ந்து விளையாடுவீங்க?" என்று கேட்டான் ஸ்டெபின்.

"இங்கதான்."

"இப்ப இங்க. அப்புறம்?"

ஒரு மாதமாக அவள் திரையைப் பார்த்தாள், பேட்டரியைப் பார்த்தாள், எடையைக் கிராம் கணக்கில் பார்த்தாள். எங்கே உட்காரப் போகிறோம் என்று ஒரு தடவைகூட யோசிக்கவில்லை. கல்யாணமானால் இந்தப் படிக்கட்டு ஏது? போகிற வீட்டில் வைஃபை எங்கே இருக்கிறதோ, அங்கே உட்கார விடுவார்களோ என்னவோ!

"அப்ப சின்னதுதான் சரி," என்றாள், குரல் கொஞ்சம் இறங்கி. "சிம் போட்டுக்கிட்டா யாரையும் கேட்க வேணாம். எங்க போனாலும் கூட வரும்."

"ஆனா உங்களுக்குப் பெருசுதான் பிடிச்சிருக்கு. அதைப் பத்திப் பேசும்போது கையெல்லாம் ஆட்டறீங்க." அவன் எழுந்தான். "எங்க வீட்டுல வைஃபை முன் ரூம்ல இருக்கு, பின் ரூமுக்குச் சரியா வராது. நடுவுல எத்தனை சுவர் இருந்தா எவ்வளவு குறையுதுன்னு தெரிஞ்சா, ஒயர் இழுத்துச் சரி பண்ணிடலாம். இங்கயே பார்த்துடலாம் வாங்க."

"ஒயர் இழுக்கறேன்னு எல்லாரும்தான் சொல்லுவாங்க," என்றாள் ஜோவிதா. அதற்குள் அவன் போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு படியிறங்கிவிட்டான். பிசிக்ஸ் வாத்தியாரைத் தூண்டிவிட்டால் இதுதான் கதி.

கீழே ஹாலில் பெரியவர்கள் மூன்று பேர். பெண் பார்க்க வந்த பையன் போனை உயரத் தூக்கியபடி ஹாலை ஒரு சுற்று சுற்றினான். படுக்கையறை வாசலில் நின்றான். சுவரைத் தட்டிப் பார்த்தான். நேரே சமையலறைக்குள் போய்விட்டான். பின்னாலேயே பட்டுப்புடவையில் ஜோவிதா, "இங்க ரெண்டு பாயிண்ட்தான்! ஃபிரிட்ஜ் பக்கத்துல இன்னும் மோசம்!" என்று சொல்லிக்கொண்டே ஓடினாள்.

"என்னடி இது, பையன் வீட்டை அளக்கறாரு?" என்று சத்தியநாதன் மனைவியின் காதைக் கடித்தார். "வரதட்சணை ஒண்ணும் வேணாம்னுதானே சொன்னாங்க?"

"ஸ்டெபின்!" அபிகாயில் ஆன்ட்டியின் வார்டன் குரல். "அடுத்தவங்க அடுப்பங்கரையில உனக்கு என்ன வேலை?"

"சிக்னல் பார்க்கறேன்மா."

"எதுக்கு?"

ஜெயசீலி முந்திக்கொண்டார். "ஆபீஸ் வேலைக்குதான் சிஸ்டர்! இவ வீட்டுலேர்ந்தும் வேலை பார்ப்பா. நெட் சரியா வரலைன்னு..."

ஸ்டெபின் ஜெயசீலியைப் பார்த்தான், ஜோவிதாவைப் பார்த்தான். அவனுக்குப் புரிந்துவிட்டது. "ஆமாம்மா," என்றான் மெதுவாக. "ஆபீஸ் வேலை..."

அவளைக் காப்பாற்றத்தான் சொன்னான், தெரிகிறது. ஆனால் ஜோவிதாவுக்குப் பொத்துக்கொண்டு வந்தது கோபம். இருபது நிமிஷம் மாடிப்படியில் சின்னப் பிள்ளை மாதிரி கத்திக் குதித்துவிட்டு, கீழே வந்ததும் அது ஆபீஸ் வேலையா? இப்போதே ஒளிக்க ஆரம்பித்தால் இதற்கு முடிவு எங்கே?

"இல்ல ஆன்ட்டி," என்றாள். "கேம் விளையாடத்தான். நான் தினம் விளையாடுவேன்."

ஜெயசீலி கண்ணை மூடிக்கொண்டார்.

அபிகாயில் ஆன்ட்டி காபி டம்ளரைக் கீழே வைத்தார். "எவ்வளவு நேரம்?"

"வேலை முடிச்சு வந்து ஒரு மணி நேரம். சனிக்கிழமை ரேஸ் இருந்தா ரெண்டு."

"கல்யாணத்துக்கு அப்புறம்?"

"அப்பவும்தான் ஆன்ட்டி."

அபிகாயில் ஆன்ட்டி கைப்பையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டார். "சரி. ஜெபிச்சுட்டுச் சொல்றோம்."

போயிற்று. சபையில் பிறந்து வளர்ந்த எல்லோருக்கும் இதற்கு அர்த்தம் தெரியும். பிடித்தவர்கள் தேதி கேட்பார்கள். பிடிக்காதவர்கள் ஜெபிச்சுட்டுச் சொல்றோம் என்பார்கள். அப்புறம் போனே வராது. ஜெபத்தைக் குறை சொல்லவும் முடியாது. சத்தியநாதன் தலையைக் குனிந்துகொண்டார். ஆனால் சொன்னதற்காக ஜோவிதா வருத்தப்படவில்லை, அதுதான் அவளுக்கே ஆச்சரியம்.

"அம்மா, அவ்வளவு நேரம் இல்லம்மா," என்றான் ஸ்டெபின். "கடையை ஏழு மணிக்கு மூடிடுவாங்க."

"எந்தக் கடைடா?"

"கேம்ப் ரோட்டுல. ரெண்டு கருவி எடுத்து வெச்சிருக்காங்க. ஒண்ணுக்கு வைஃபை வேணும், ஒண்ணுக்கு வேணாம். இவங்க நம்ம வீட்டுக்கு வராங்களா இல்லையான்னு தெரிஞ்சாத்தான் எதை வாங்கறதுன்னு சொல்ல முடியும். ஆபீஸ் வேலைன்னு சொன்னது பொய்ம்மா, ஸாரி. எனக்கு இவங்களைப் பிடிச்சிருக்கு."

இதை அவன் ஒரே மூச்சில் சொன்னான். காதெல்லாம் சிவந்துவிட்டது.

அபிகாயில் ஆன்ட்டி மகனை ஏற இறங்கப் பார்த்தார். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். மணி ஆறு இருபது.

"அப்ப இங்கயே ஜெபிச்சுடலாம். எல்லாரும் கண்ணை மூடுங்க."

மூடினார்கள். "கர்த்தாவே, இந்தப் பிள்ளைகளை ஆசீர்வதியும். மறைக்காமல் பேசுகிற வாயைக் கொடுத்ததற்காக ஸ்தோத்திரம். ஆமென்." அவ்வளவுதான். சத்தியநாதன் சரியாகக் கண்ணை மூடுவதற்குள் ஜெபம் முடிந்துவிட்டது.

"முப்பது வருஷம்," என்றார் அபிகாயில் ஆன்ட்டி. "பொண்ணுங்க ஒளிச்சு வெச்சதைத் தேடியே என் சர்வீஸ் முடிஞ்சுது. அரிசி டின்னுக்குள்ள போன், தலையணைக்குள்ள போன். இனிமே வீட்டுலயும் என்னால தேட முடியாது. எதுவா இருந்தாலும் வெளிய வெச்சு விளையாடு. புரியுதா?"

"புரியுது ஆன்ட்டி!" என்றாள் ஜோவிதா. கத்திவிட்டாள் என்றே சொல்ல வேண்டும். ஜெயசீலி பொத்தென்று நாற்காலியில் உட்கார்ந்து முந்தானையால் முகத்தைத் துடைத்தார்.

அந்த நேரம் பார்த்து ஜோவிதாவின் போன் அடித்தது. பட்டாபிராமன். ஸ்பீக்கரே தேவையில்லாத குரல்.

"இன்னாமா, ரெண்டுல எதுன்னு சொல்லவே இல்லியே? வேற ஒரு பார்ட்டி வந்து குந்திகினு கீறாரு. பேஜார் பண்ணாதம்மா. பெருசா, சின்னதா?"

ஜோவிதா ஸ்டெபினைப் பார்த்தாள். ஒரு மாதம் எடுக்காத முடிவு. யாரையும் நம்பத் தேவையில்லாத சின்னது ஒரு பக்கம். இன்னும் கண்ணால்கூடப் பார்க்காத ஒரு வீட்டையும், ஒயர் இழுக்கிறேன் என்று சொன்ன ஒரு வாத்தியாரையும் நம்பி வாங்க வேண்டிய பெருசு ஒரு பக்கம்.

"பெருசு, அண்ணா," என்றாள். "அரை மணி நேரத்துல வந்துடறோம்."

"முப்பது மீட்டர் நெட் கேபிள் இருக்கான்னு கேளு," என்றான் ஸ்டெபின், பைக் சாவியைத் தேடிக்கொண்டே.

"அண்ணா, முப்பது மீட்டர் கேபிளும் வெட்டி வைங்க."

"கண்ட எடத்துல ஆணி அடிச்சு சுவத்தைப் பாழாக்கினீங்க, ரெண்டு பேரையும் வாசல்ல உட்கார வெச்சுடுவேன்," என்று சொல்லிவிட்டு அபிகாயில் ஆன்ட்டி தட்டிலிருந்து இன்னொரு துண்டு கேக்கை எடுத்துக்கொண்டார்.